பத்துக் காடு, ஒரே விலை

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வியாபாரத்தில் இரண்டு வழி உண்டு. விவசாயி பிடுங்கித் தருகிற கிழங்கை ஆலைக்கு ஏற்றிவிட்டு, டன்னுக்கு இவ்வளவு என்று தரகு வாங்கிக்கொள்வது ஒன்று. அதற்குப் பெரிய முதல் வேண்டாம். விழுந்தாலும் அடி பலமாக இருக்காது. கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்போதே காட்டை மதிப்புப் போட்டு மொத்தமாகப் பேசி முடிப்பது இன்னொன்று. பணம் முன்னால் போகும், கிழங்கு பின்னால் வெளியே வரும். கூடினால் நமக்கு, குறைந்தாலும் நமக்கு. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை வரைக்கும் நான் செய்துவருவது இந்த இரண்டாவது வழி.

காடு மதிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். தூரைப் பார்த்தே டன் சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட கைகாரர்கள் சிலர் இன்று வேறொரு வியாபாரிக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிற வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு மதிப்பு தப்பவில்லை. கையிருப்பில் எவ்வளவை எப்போது இறக்குவது, எப்போது பெரிய காட்டுக்குப் போவது, எப்போது சின்னக் காட்டுக்குத் திரும்புவது என்கிற கணக்கு தப்பியது. வாய்வழியாகவே புழங்கும் அந்தக் கணக்கை, எனக்குப் பிடிபட்ட அளவில், எழுதி வைக்கிறேன்.

முதலில் சந்தையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கிழங்கில் சமையலுக்குப் போவது கொஞ்சம். பெரும்பகுதி சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் போய் மாவாகவும் ஜவ்வரிசியாகவும் மாறும். இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோன சமயத்தில், 1943 வாக்கில், சேலத்து மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் தொடங்கிவைத்த தொழில் இது. 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. ஆலைகள் கொண்டுவந்து அடுக்கும் மூட்டைகளை அங்கே வியாபாரிகள் டெண்டர் போட்டு எடுக்கிறார்கள். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் விரத நாளில் சாபுதானா கிச்சடி கிண்டுகிறவரைக்கும் எங்களுக்குப் பிழைப்பு உண்டு.

இதில் வியாபாரி மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான். சேலத்தில் மூட்டை விலை சரிந்தால் ஆலை வாசலில் கிழங்கு விலையும் சரியும். வெள்ளிமலையில் பிடித்த காடு, சங்கராபுரத்தில் பிடித்த காடு, தியாகதுருகத்தில் பிடித்த காடு எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து இறங்கும். பத்துக் காடு பிடித்திருக்கிறேன், ஒன்று போனாலும் ஒன்பது காப்பாற்றும் என்று நினைப்பவர் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்.

கிழங்குக்கு எடை விலை மட்டும் கிடையாது, பாயிண்ட் விலை. ஆலையில் கிழங்கைக் கம்பிக் கூடையில் போட்டுத் தராசில் தொங்கவிட்டுத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். மாவுச்சத்து கூடின கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனம் காட்டும். அந்தக் கனத்தை வைத்து இருபத்தாறு பாயிண்ட், இருபத்தெட்டு பாயிண்ட் என்று சொல்வார்கள். அன்றைய பாயிண்ட் விலையால் அதைப் பெருக்கினால் டன் விலை. வண்டி நிறைய ஏற்றி வந்தும் பாயிண்ட் இரண்டு குறைந்தால் லாபம் அந்தத் தண்ணீர்த் தொட்டியிலேயே கரைந்துவிடும்.

காடு மதிக்கும்போது இந்த மூன்றையும் சேர்த்தே மதிக்க வேண்டும்: எத்தனை டன், எத்தனை பாயிண்ட், பிடுங்குகிற நாளில் என்ன விலை. முதல் இரண்டும் நம் கண்ணுக்கும் கைக்கும் கட்டுப்பட்டவை. மூன்றாவது யாருக்கும் கட்டுப்படாதது.

டன் பார்க்க வரப்போரச் செடியை நம்பக் கூடாது. வெயிலும் வெளிச்சமும் வாங்கி அது கொழுத்திருக்கும். காட்டின் நடுவுக்குப் போய், திசைக்கு ஒன்றாகப் பிடுங்கி, தொங்கு தராசில் போட வேண்டும். மூன்றடிக்கு மூன்றடி நட்ட காட்டில் ஏக்கருக்கு ஏறக்குறைய ஐயாயிரம் குழி நிற்கும். அதில் பாழ்குழி எத்தனை, எலி கடித்தது எத்தனை, மலைக்காடாக இருந்தால் பன்றி உழுதது எத்தனை என்று வரிசை வரிசையாக நடந்து கழிக்க வேண்டும். பாயிண்டுக்குத் தராசு தேவையில்லை. கிழங்கை இரண்டு கையாலும் பிடித்து ஒடித்தால் சடக்கென்று முறிந்து, முறிந்த இடம் வெள்ளையாக, காய்ந்த மாதிரி இருக்க வேண்டும். வளைந்து ஒடிந்து, உள்ளே கண்ணாடி போலத் தண்ணீர் மினுங்கினால் பாயிண்ட் இருக்காது. மழை பெய்து செடி புதுத் துளிர் விட்டிருந்தால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கிழங்கில் சேர்த்து வைத்த மாவைச் செலவழித்துத்தான் செடி அந்தத் துளிரை விடுகிறது.

வெள்ளிமலைக்கு மேலே ஒரு சரிவில் நடந்த பேச்சு இது.

"கவுண்டரே, மேக்காலப் பக்கம் பன்னி உழுதுட்டுப் போயிருக்குதே."

"அதக் கழிச்சுக்கங்க யாவாரி. ஆனா தூரு ஒவ்வொண்ணும் மூணு கிலோவுக்குக் குறையாது."

"மூணு கிலோ வரப்புல இருக்குது. உள்ள வாங்க, நடுவுல நாலு புடுங்கிப் பாப்போம்."

நடுவில் சராசரி இரண்டு கிலோதான் நின்றது. அவரும் சிரித்துக்கொண்டார், அவருக்கும் தெரிந்ததுதான். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

அந்த அளவை வைத்தே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விலையும் கூலியும் வருடத்துக்கு வருடம் மாறும். எண்களை எடுத்துக்காட்டாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கரில் 4,500 செடி உயிரோடு இருக்கிறது, செடிக்கு 2 கிலோ, ஆக 9 டன். பாயிண்ட் 26, பாயிண்ட் விலை 300 ரூபாய். டன் 7,800 ஆகிறது, மொத்தம் 70,200. பிடுங்கு கூலி, ஏற்று கூலி, லாரி வாடகை, மண் கழிவு எல்லாம் சேர்த்து டன்னுக்கு 1,500 என்றால் செலவு 13,500. மீதி 56,700. இந்தக் காட்டை 50,000க்குப் பேசி முடித்தால் 6,700 நிற்கும்.

இப்போது ஒவ்வொன்றாகத் தவற விடுவோம். பாயிண்ட் 24 ஆனால் லாபம் 1,300. டன் எட்டாகக் குறைந்தால் 400. பாயிண்ட் விலை 270க்கு இறங்கினால் 320 ரூபாய் நட்டம். மூன்றும் ஒன்றாக வந்தால் கையைவிட்டுப் போவது 10,160. போட்ட பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு. எல்லாம் சரியாக அமைந்தால் நூற்றுக்குப் பதின்மூன்று வரும், எல்லாம் கெட்டால் நூற்றுக்கு இருபது போகும். இந்தத் தொழிலின் முழு உருவமும் இந்த ஒரு ஏக்கருக்குள் இருக்கிறது. லாபம் சன்னமானது, அதை உண்டாக்குவது மதிப்புத் திறமை. நட்டம் தடித்தது, அதைத் தாங்குவது கைமுதல்.

எனக்குத் தொழில் காட்டியவர் என் சித்தப்பா. நோட்டு வைத்து எழுதத் தெரியாதவர். மூன்று துணிப்பை வைத்திருந்தார். ஒரு பையில் காட்டுக்குக் கொடுக்கிற பணம். இன்னொன்றில் கூலி, வாடகை. மூன்றாவது பை பீரோவுக்குள் இருக்கும். அது அடிமுதல், சீசன் முடிகிறவரைக்கும் வெளியே வராது. வீட்டுச் செலவு சித்தியின் கையில் தனி. மகள் கல்யாணத்துக்குக்கூட அடிமுதலைத் தொடாமல் சீட்டுப் பிடித்துத்தான் செய்தார். "ஒரே காட்டுல கொட்டாதடா. காடு வாங்கறது இந்த வருசத்துக் கிழங்குக்கு மட்டும் இல்ல, அடுத்த வருசமும் காடு வாங்கறதுக்கு" என்பார். அவர் வைத்த வரம்பு, எந்தக் காட்டுக்கும் மொத்த முதலில் பத்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்பது. நான் அதை இருபதில் ஒன்றாகக் குறைத்துக்கொண்டேன்.

அந்த இருபதில் ஒன்றுக்கு வேறொரு இடத்திலிருந்து சாட்சி கிடைத்தது. என் அக்கா மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. போன் வழியாகப் போக்கர் என்கிற சீட்டாட்டத்தைப் பல வருடம் ஆடியவன். பொங்கலுக்கு வந்திருந்தபோது நான் கணக்கு நோட்டில் காட்டுக்கு இவ்வளவு என்று வரம்பு கட்டுவதைப் பார்த்துவிட்டு, "மாமா, இதத்தான் நாங்க பேங்க்ரோல்னு சொல்றோம்" என்றான். சூதாட்டக்காரன் கணக்கும் என் கணக்கும் எப்படிடா ஒன்றாகும் என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் சொல்லச் சொல்ல ஒன்றாகத்தான் இருந்தது.

போக்கரில் மேசைக்கு மேசை பந்தயம் வேறு. கையில் இருக்கிற மொத்தப் பணத்துக்கும் உட்கார்கிற மேசைக்கும் ஒரு பொருத்தம் வேண்டும். ஒரு மேசையில் உட்காரும் பணத்தைப்போல் இருபது முப்பது மடங்கு கையில் இருந்தால்தான் அந்த மேசை உனக்கு என்பது ஆட்டக்காரர்களின் பழக்கம். கிறிஸ் பெர்குசன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 2006இல் கையில் ஒரு காசு இல்லாமல், இலவசப் போட்டிகளில் ஆடித் தொடங்கி, 10,000 டாலர் சேர்த்துக் காட்டுவதாகச் சொல்லி, 2007இல் காட்டியும்விட்டார். அவர் வைத்துக்கொண்ட விதி, மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் எந்த மேசைக்கும் கொண்டுபோவதில்லை என்பது. ஜெயித்து ஜெயித்து, மேசையில் இருக்கிற பணம் மொத்தத்தில் பத்தில் ஒன்றைத் தாண்டினால் எழுந்துவிடுவார். இலவசப் போட்டியில் கிடைக்கிற சில்லறையோடு மாதக்கணக்கில் மல்லாடியிருக்கிறார் மனிதர்.

இன்னொன்றும் சொன்னான். 1956இல் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜான் கெல்லி என்பவர் ஒரு சூத்திரம் எழுதினார். நூற்றுக்கு அறுபது முறை உனக்கு விழும், போட்டதுக்குப் போட்டது கிடைக்கும் என்கிற பந்தயத்தில் ஒவ்வொரு முறையும் கையிருப்பில் ஐந்தில் ஒன்று போட்டால் பணம் மிக வேகமாக வளரும். ஆசைப்பட்டு அதை இரட்டிப்பாக்கி, ஐந்தில் இரண்டு போட்டுக்கொண்டே போனால் வளர்ச்சி நின்று, போகப்போகத் தேயத் தொடங்கும். பந்தயம் மாறவில்லை; இன்னும் நூற்றுக்கு அறுபது உனக்குத்தான். போட்ட அளவு ஒன்றே ஆளைக் கவிழ்த்துவிடுகிறது. காடு மதிக்கத் தெரிந்தும் கவிழ்ந்த எங்கள் ஊர்க்காரர்கள் சிலரின் முகம் அப்போது எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது.

அந்தப் பணச் சீட்டாட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. மருமகன் அதோடு விட்டான். பிழைத்தவன் அவன், அந்த ஆட்டத்தில் சம்பளத்தையும் நகையையும் தொலைத்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் கொஞ்சமில்லை. வரம்பு கட்டுகிற பழக்கம் இல்லாதவன் கையில் ஆட்டமும் ஒன்றுதான், காடும் ஒன்றுதான்.

ஆனால் அவன் கணக்கை அப்படியே என் தொழிலில் வைக்க முடியாது. சீட்டில் இந்தக் கை தோற்றதால் அடுத்த கையும் தோற்கும் என்பதில்லை. கலைத்துப் போட்டால் புதுச் சீட்டு. எனக்கு இருபது காட்டுக்கும் விலை ஒன்று. அதனால் ஒரு காட்டுக்கு வரம்பு கட்டினால் போதாது, ஒரே நேரத்தில் மொத்தம் எவ்வளவு பணம் மண்ணுக்குள் இருக்கலாம் என்பதற்கும் வரம்பு வேண்டும். என் வரம்பு, முதலில் பாதி.

பத்து லட்சம் முதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து லட்சத்துக்கு, ஐம்பதாயிரம் வீதம் பத்துக் காடு. மூன்று கெடுதலும் பத்துக் காட்டிலும் ஒன்றாக விழுந்தால் போவது ஒரு லட்சம், முதலில் பத்தில் ஒன்று. வலிக்கும், ஆனால் அடுத்த சீசனில் நான் காட்டில் நிற்பேன். அதே பத்து லட்சத்தையும் இறக்கி, ரெண்டு வட்டிக்கு இன்னொரு பத்து லட்சம் வாங்கி அதையும் இறக்கியவருக்கு என்ன ஆகும்? காட்டில் நாலு லட்சம், ஐந்து மாத வட்டியில் ஒரு லட்சம். முதலில் சரிபாதி போய்விடும். பாதி போனதை மீட்க, மிச்சத்தை இரட்டிப்பாக்க வேண்டும். நூற்றுக்குப் பதின்மூன்று வருகிற தொழிலில், ஒரு சீசன்கூடச் சறுக்காமல், அது ஆறு சீசன் வேலை. அத்தனை நாள் யாரும் பொறுப்பதில்லை. இன்னும் பெரிய காட்டைப் பிடித்து ஒரே போடில் மீட்கப் பார்ப்பார்கள். கதை அங்கே முடிந்துவிடும்.

மண்ணுக்குள் இருக்கிற பணத்தோடு ஆலையில் நிற்கிற பணத்தையும் சேர்த்தே அந்தப் பாதிக்குள் அடக்க வேண்டும். கிழங்கு பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கறுத்து அழுகத் தொடங்கும். வெட்டியபின் விலை பேச நமக்கு நேரமில்லை என்பது ஆலைக்குத் தெரியும். இறக்கிவிட்டு, பணத்துக்குத் தவணை கேட்டுக்கொண்டு வருவோம். ஓர் ஆலை எனக்குத் தர வேண்டிய தொகையைச் சீசன் தாண்டியும் இழுத்தடித்து, காசோலை திரும்பி, கடைசியில் பாதி பணமும் பாதி மாவு மூட்டையுமாக வாங்கி வந்தேன். அன்றிலிருந்து நிலுவையையும் காடு மாதிரியே எண்ணுகிறேன். எந்த ஆலையிலும் முதலில் பத்தில் ஒன்றுக்கு மேல் நிற்க விடுவதில்லை.

இனி, எப்போது படி ஏறுவது.

நல்ல சீசன் ஒன்று வந்தால் எல்லோருக்கும் ஏறத் தோன்றும். அந்த நேரத்தில் நோட்டைத்தான் திறக்க வேண்டும். என் நோட்டில் ஒவ்வொரு காட்டுக்கும் இரண்டு வரி. நான் மதித்த டன், பாயிண்ட். ஆலையில் விழுந்த டன், பாயிண்ட். இந்த வித்தியாசத்தில் வந்தது மதிப்பு லாபம். பேசிய நாளின் விலைக்கும் பிடுங்கிய நாளின் விலைக்கும் நடுவில் வந்தது விலை லாபம். பேசிய பிறகு பாயிண்ட் விலை முப்பது ரூபாய் ஏறினால், மேலே சொன்ன ஏக்கரில் 7,020 ரூபாய் சும்மா வந்து விழும். மதிப்பில் வர வேண்டிய 6,700ஐவிட அது அதிகம். அந்த வருடம் கண்ணைக் கட்டிக்கொண்டு காடு பிடித்தவனும் பைக் வாங்குவான். விலை லாபத்தை நான் அடிமுதலில் சேர்ப்பேன். அதைக் காட்டிப் படி ஏற மாட்டேன். விலை இறங்கிய வருடத்திலும் என் மதிப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அப்படி விழுந்திருந்தால், நட்டக் கணக்கு எழுதிய சீசனுக்குப் பிறகும் ஏறலாம். நான் மலைக்காட்டிலிருந்து சமவெளியின் பெரிய காடுகளுக்குப் போனது அப்படிப்பட்ட ஒரு மந்தமான சீசனுக்கு அடுத்துத்தான்.

மேல் படி எப்படி இருக்கும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். கல்வராயன் மலையில் காடு சின்னது, மானாவாரி. 1976 வரை ஜாகிர்தார்கள் ஆண்ட மலை. நிலப் பத்திரமும் பட்டாவும் வைத்து வங்கியில் கடன் வாங்குவது பலருக்கு இன்றும் எளிதில்லை. பழங்குடியினருக்கான லேம்ப் கூட்டுறவுச் சங்கம் இருந்தாலும் ஆடிக்கும் பள்ளிக்கூடம் திறப்புக்கும் வியாபாரியின் முன்பணம்தான் முதலில் வந்து சேர்கிறது. முன்பணம் கொடுத்தவனுக்கே காடு என்பது அங்கே வழக்கம். அந்த வசதியைப் பிடித்துக்கொண்டு விலையைக் கிள்ளுகிற வியாபாரிகள் உண்டு. எனக்குத் தெரிந்து அவர்களுக்கு ஒரு சரிவில் இரண்டாவது தலைமுறை காடு கிடைத்ததில்லை. மலையில் நம் கையில் இருக்கிற சாதகம் நியாயமானதாக இருந்தால்தான் வருடா வருடம் நிற்கும்.

சமவெளியில் பத்து ஏக்கர், பதினைந்து ஏக்கர் போட்டிருக்கிறவர் வேறு ஆள். அவர் வீட்டிலேயே எடை மேடை வைத்திருப்பார். காலையில் மூன்று ஆலைக்குப் போன் போட்டு விலை கேட்டுவிட்டுத்தான் நம்மோடு உட்காருவார். ஆலையே அனுப்பிய ஆளும் அங்கே காடு கேட்டுக்கொண்டிருப்பார். "எதுக்குங்க தரகு, நானே வண்டி புடிச்சு ஏத்திக்கறேன்" என்று சொல்லக்கூடியவரிடம் நூற்றுக்குப் பதின்மூன்று கிடைக்காது. ஆறு, ஏழு கிடைத்தால் பெரிது. நட்டம் வந்தால் மட்டும் அதே இருபது. சாதகம் பாதியாகக் குறையும் இடத்தில் முதலும் பழைய பொருத்தத்தில் இருந்தால் போதாது. மலைக்காட்டுக்கு இருபதில் ஒன்று என்றால் சமவெளிக் காட்டுக்கு நாற்பதில் ஒன்று என்று வைத்தேன். காடு நான்கு மடங்கு பெரிது என்றால் முதல் எட்டு மடங்கு வேண்டும். அவ்வளவு சேர்கிறவரைக்கும் பெரிய காட்டில் கால் பங்கு, அரைப் பங்கு கூட்டுச் சேர்ந்துதான் நின்றேன். மருமகன் ஆட்டத்திலும் இது அப்படியே. மேல் மேசைக்குப் போகப் போக எதிரே உட்காருகிறவன் கெட்டிக்காரனாகிக்கொண்டே போவான்.

ஏறுவதைவிட இறங்குவதற்கு இன்னும் தெளிவு வேண்டும். 2020இல் கேரளத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி தென்பட்டது. அடுத்து எங்கள் பக்கத்துக்கும் வந்தது. செடியின் நுனி சுருண்டு கொத்தாகி, கணு கணுவாகக் குட்டையடித்து நிற்கும். அந்தச் செடியின் தூரைப் பார்த்துக் கிழங்கு மதிப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. பழைய கண் அங்கே உதவாது. ஊரடங்கு வேறு, லாரியும் ஆளும் நிச்சயமில்லை. மதிப்பு லாபம் என்கிற வரியே நோட்டில் நம்பமுடியாததாகிவிட்டது. சமவெளிப் பெரிய காடுகளை விட்டுவிட்டு, நானே நடந்து ஒவ்வொரு வரிசையாகப் பார்க்கக்கூடிய சின்னக் காடுகளுக்குத் திரும்பினேன். தரகு வியாபாரமும் செய்தேன். டீக்கடையில் "என்னாங்க, பெரிய யாவாரி மலைக்கே திரும்பிட்டாரு" என்று காதுபடப் பேசினார்கள். பேசட்டும்.

அந்தப் பூச்சியை அடக்கியது இன்னொரு பூச்சி. ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்த அனாகைரஸ் லோபெசி என்னும் குட்டி ஒட்டுண்ணிக் குளவியைப் பெருக்கி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டத்தில் வெளியிட்டார்கள். ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் வழியாக விவசாயிகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. செடி மெல்லத் தெளிந்தது. என் நோட்டில் மதித்த டன்னும் விழுந்த டன்னும் மறுபடி ஒத்துவரத் தொடங்கியபோது திரும்ப ஏறினேன். அந்த இடைக்காலத்தில் முதல் பெரிதாக வளரவில்லை, கரையவும் இல்லை. ஏறிய படியில் பிடிவாதமாக நின்றவர்கள் சிலர் முதலைக் கரைத்துவிட்டதால் நல்ல காலம் வந்தபோது காடு பிடிக்கக் கையில் பணமில்லாமல் நின்றார்கள். காடு சல்லிசாகக் கிடைத்த வருடம் அது.

இறங்கும் அளவைச் சீசன் தொடங்குமுன்பே எழுதி வைத்துவிட வேண்டும். முதலில் பத்தில் ஒன்றரை குறைந்தால் காட்டின் அளவைப் பாதியாக்குவது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, வீட்டுக்காரியிடம் காட்டிவிடுவேன். நட்டத்தில் நிற்கிற அன்றைக்கு முடிவெடுக்க உட்கார்ந்தால் மனம் எதையாவது சொல்லிச் சமாதானம் தேடும்: விலை நாளைக்கு ஏறும், ஆலையில் சரக்கு இல்லையாம், மும்பையில் நவராத்திரி வருகிறது என்று. எழுதி வைத்த எழுத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வீட்டுக்காரிக்கும் கிடையாது.

இப்போது அடுத்த படி ஒன்று முன்னால் வந்து நிற்கிறது. தெரிந்தவர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சேகோ ஆலையைக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். "நாலாவது பங்கு உங்களுதுங்க, கிழங்கு கொண்டாற ஆளும் நீங்கதான்" என்கிறார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது. கிழங்கு இரண்டு நாள் தாங்காது. ஜவ்வரிசியாக்கி மூட்டை கட்டினால் மாதக்கணக்கில் கிடங்கில் வைத்து விலை பார்க்கலாம். காட்டு வியாபாரிக்கு வாழ்நாள் முழுக்கக் கிடைக்காத பொறுமை அது.

நோட்டைத் திறந்து பார்த்தேன். ஆலை நடத்துவதில் எனக்கு மதிப்பு லாபம் என்று எழுத இதுவரை ஒரு வரியும் இல்லை. திப்பி எவ்வளவு கழியும், கரண்டுக் கட்டணம் எவ்வளவு, மூட்டைக்கு எத்தனை கிலோ கிழங்கு இறங்கும் என்பதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. இன்னொன்று, அங்கேயும் விலை அதே விலை. சேலத்தில் மூட்டை சரிந்தால் என் காடும் சரியும், கிடங்கில் இருக்கிற என் மூட்டையும் சரியும். தொழில் இரண்டானாலும் பந்தயம் ஒன்று.

அதனால் இப்படிப் பேசியிருக்கிறேன். நாலில் ஒரு பங்கு வேண்டாம், பத்தில் ஒரு பங்கு. அந்தப் பணம் என் முதலில் இருபதில் ஒன்றைத் தாண்டாது. கடன் பத்திரம் எதிலும் என் கையெழுத்து இருக்காது. ஒரே ஒரு சீசன். அந்தப் பங்கில் பாதி கரைந்தால் சீசன் நடுவிலேயே விலகிக்கொள்வேன் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கேட்டேன். முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். ஆலையில் போடுகிற அந்தத் தொகைக்கு ஈடாக, இந்த வருடம் எனக்குப் பிடிக்கக் கிடைத்த ஒரு நல்ல காட்டை வேறொருவருக்குக் கைகாட்டிவிட்டேன்.